மழைக்கு முன் இடம் மாறும் ஜெனரேட்டர்: கனரக இயந்திரத்தைக் கையால் நகர்த்தும்போது உடலில் நடப்பது என்ன?

புது தில்லி: தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதியையொட்டிக் கேரளத்தில் தொடங்குகிறது. தலைநகர் தில்லியை எட்ட ஜூன் மாத இறுதி வாரம் ஆகிவிடும். இந்த இடைப்பட்ட நாள்களில் நாடெங்கும் வீடுகளில் ஆரவாரமின்றி ஒரு வேலை நடைபெறுகிறது. ஆண்டு முழுவதும் கார் நிறுத்தும் கொட்டகையின் மூலையில் கிடந்த ஜெனரேட்டர், மழைநீர் எட்டாத மேட்டுக்கு ஏற்றப்படுகிறது. கிராமப்புறங்களில் பவர் டில்லரும் களையெடுக்கும் இயந்திரமும் கொட்டிலிலிருந்து வெளியே இழுக்கப்படுகின்றன. டீசல் பம்ப்செட் வயலுக்குப் புறப்படுகிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றை நகர்த்துவது மனிதக் கைகள்தாம். வீட்டுத் தலைவர், கல்லூரி செல்லும் மகன், அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் அழைத்தவுடன் ஓடிவரும் காவலாளி என மூவர் சேர்ந்தால் போதும் என்பதே பொதுவான எண்ணம். தொழிற்சாலையில் இதே எடையை இதே முறையில் தூக்கினால் சட்டம் குறுக்கே நிற்கும். வீட்டு வாசலில் அவ்வாறு கேட்க எவரும் இல்லை.

எத்தனை கிலோ?

கையில் எடுத்துச் செல்லத்தக்கது என விற்கப்படும் பெட்ரோல் ஜெனரேட்டர்களில் சிறியவை, அதாவது 2 கிலோவாட் அளவிலான இன்வெர்ட்டர் வகை, ஏறத்தாழ 20 கிலோ எடை கொண்டவை. திறந்த இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்ட 3 கேவிஏ வகை 50 கிலோ அளவிலும், 5 கேவிஏ வகை 80 முதல் 100 கிலோ வரையிலும் இருக்கும். ஒலித்தடுப்புக் கூட்டுடன் வரும் டீசல் ஜெனரேட்டர் பல நூறு கிலோ எடையுள்ளது. டீசல் ஜெனரேட்டரின் கூட்டுக்கு 1 மீட்டர் தொலைவில் இரைச்சல் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற விதி, அக்கூட்டைக் கட்டாயமாக்கியது. அண்டை வீட்டாரின் காதுக்கு நன்மை பயத்த அந்த இரும்புப் பெட்டி, அதை நகர்த்துபவரின் முதுகுக்குக் கூடுதல் சுமையாக முடிந்தது.

13 குதிரைத்திறன் அளவிலான பவர் டில்லர் சுழல் கலப்பையுடன் சேர்த்து ஏறத்தாழ 400 கிலோ. குஜராத்தின் ராஜ்கோட் நகரில் பெருமளவில் தயாராகும் பழைய லிஸ்டர் வகை டீசல் என்ஜினும் கனமான சக்கரங்களுடன் 300 கிலோவைத் தாண்டும்.

கையேட்டில் அச்சிடப்பட்டுள்ள எடையைப் படிக்கும்போது ஒரு சொல்லைக் கவனிப்பது நல்லது. பல கையேடுகள் 'உலர் எடை' என்றே குறிப்பிடுகின்றன. இயந்திரம் நனையாமல் உலர்ந்த நிலையில் உள்ள எடை என்று இதைப் பொருள்கொள்வோர் உண்டு. எரிபொருளும் ஆயிலும் ஊற்றப்படாத நிலையில் உள்ள எடை என்பதே இதன் பொருள். 15 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 11 கிலோ. அதே அளவு டீசல் 12 கிலோவுக்கும் சற்று அதிகம். சுயமாகக் கிளப்பும் வசதி இருந்தால் பேட்டரியின் எடையும் உண்டு. எனவே கையேடு 85 என்று கூறினால், கையில் வந்து சேர்வது நூறாகவே இருக்கக்கூடும். அத்துடன் பாதி நிரம்பிய தொட்டியில் எரிபொருள் அலைபாயும். இயந்திரம் சாயும் பக்கத்துக்கே எடையும் ஓடிச் சேரும்.

முதுகின் கணக்கு

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் 1991-ஆம் ஆண்டு திருத்தி அமைத்த சூத்திரம் ஒன்று உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது. அதன்படி எல்லாச் சூழலும் சாதகமாக அமைந்தால் ஒருவர் தூக்கத் தக்க எடை 23 கிலோ. சாதகமான சூழல் என்பது சுமை உடலை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், உறுதியான பிடியுடன் இருப்பதாகும்.

ஜெனரேட்டர் இவற்றில் எதற்கும் உடன்படுவதில்லை. அது தரையில் இருக்கிறது. அதன் சட்டம் அகலமானது. கைப்பிடித்துத் தூக்கும்போது எடையின் மையம் கணுக்காலிலிருந்து அரை மீட்டர் தள்ளி நிற்கிறது. மேற்சொன்ன சூத்திரத்தில் 25 சென்டிமீட்டர் என்ற தொலைவு 50 ஆக உயர்ந்தால், அனுமதிக்கத்தக்க எடை பாதியாகக் குறைந்து 11.5 கிலோ ஆகிறது. தரை மட்டத்திலிருந்து தூக்குவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 9 கிலோதான் மிஞ்சும். சிறிய வகையான 20 கிலோ ஜெனரேட்டரும் இந்த அளவைத் தாண்டிவிடுகிறது.

காரணம் எளிய நெம்புகோல் விதி. முதுகெலும்பின் பின்புறத்துத் தசைகள், எலும்பின் அச்சிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவில் இயங்குபவை. சுமையோ முன்புறத்தில் அரை மீட்டர் தொலைவில் தொங்குகிறது. பத்து மடங்கு தொலைவைச் சமன்செய்யத் தசை பத்து மடங்கு விசையுடன் இழுக்க வேண்டும். 20 கிலோ பொருளுக்கு 200 கிலோ அளவிலான இழுவிசை. குனிந்திருக்கும் மேலுடலின் எடைக்காக மேலும் ஒரு பங்கு. இவை அனைத்தும் இடுப்புக்குச் சற்று மேலே உள்ள கீழ் முதுகின் வட்டுகளை அழுத்துகின்றன. அந்நிலையில் உடலைத் திருப்புவது அனைத்திலும் கேடானது. இயந்திரத்தைத் தூக்கிய கையோடு இடுப்பைத் திருப்பிச் சுவரோரம் வைப்பதைத்தான் பெரும்பாலோர் இயல்பாகச் செய்கின்றனர்.

தூக்கிய மறுநாள் ஏற்படும் தசைவலி பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணியும். ஆனால் வலி காலில் இறங்குவதோடு தொடையின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ இயலாமல் போனாலோ அது சில மணி நேரத்திற்குள் கவனிக்க வேண்டிய அவசரநிலை. தைலம் தேய்த்துக் காத்திருந்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

'இருவர் பிடித்தால் சுமை பாதி' என்ற நம்பிக்கையும் முழு உண்மை அன்று. இருவர் சேர்ந்து தூக்கும்போது, அவரவர் தனியே தூக்கக்கூடிய எடைகளின் கூட்டுத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கையே பாதுகாப்பாகத் தூக்க முடியும் என்பது பணிப்பாதுகாப்புத் துறையில் பின்பற்றப்படும் பொது அளவு. மூவர் என்றால் அது பாதி. உயரம் வேறுபட்டால், அடி வைக்கும் வேகம் வேறுபட்டால், சுமை கணத்துக்குக் கணம் கைமாறுகிறது. படியில் ஏற்றும்போது கீழே நிற்பவர் மீதே பெரும்பங்கு சாய்கிறது. காவலாளியோ ஓட்டுநரோ பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பக்கத்தில்தான் நிறுத்தப்படுகிறார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

சட்டம் நிற்கும் எல்லை

காயம் விளைவிக்கக்கூடிய அளவுக்குக் கனமான எந்தச் சுமையையும் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ எவரையும் பணிக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 34-ஆவது பிரிவில் கூறியது. எடை வரம்பை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு அளிக்கப்பட்டது. அச்சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒருங்கிணைத்துத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2020-இல் இயற்றப்பட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை விரைவில் குறைக்க வேண்டும் என 1967-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது.

சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கென மகாராஷ்டிரத்தில் 1969-இலும் கேரளத்தில் 1978-இலும் தனிச் சட்டங்கள் கொண்டுவரப்பட்டன. இவை யாவும் ஏதேனும் ஒரு வகையில் வேலை வாங்குபவர், வேலை செய்பவர் என்ற உறவை அடிப்படையாகக் கொண்டவை. தன் வீட்டுக் கொட்டகையில் தன் இயந்திரத்தைத் தானே நகர்த்துபவருக்கு இவை பொருந்துவதில்லை. வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் மத்திய அரசு 2014-15 முதல் பவர் டில்லர் உள்ளிட்ட கருவிகளுக்கு மானியம் வழங்கி வருகிறது. அதன் பயனாக, முன்பு ஏர் நின்ற கொட்டிலில் இன்று இயந்திரம் நிற்கிறது. மாட்டைப் பிடித்து நடத்திச் சென்ற குடும்பத்தினர் 400 கிலோ இரும்பைத் தள்ளிச் செல்லக் கற்க வேண்டியுள்ளது.

தூக்காமல் நகர்த்துதல்

கனத்தைத் தூக்காமலேயே இடம் மாற்றும் கலை இந்தியாவுக்குப் புதிதன்று. கேரளத்தின் கோழிக்கோடு அருகே உள்ள பேப்பூரில், 'உரு' எனப்படும் பெரும் மரக்கலங்களைக் கட்டுமிடத்திலிருந்து நீருக்கு இறக்கும் மாப்பிளா கலாசிகள் இதில் பெயர்பெற்றவர்கள். அவர்களது கருவிகள் கப்பி, கயிறு, மரக்கட்டை, நெம்புகோல், மற்றும் பலர் சுற்றிவந்து கயிற்றை இழுக்கும் செங்குத்து உருளை ஆகியவையே. 1988-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி கொல்லம் அருகே பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் அஷ்டமுடி ஏரியில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது மூழ்கிய பெட்டிகளை மீட்கும் பணியில் கலாசிகள் ஈடுபட்டதை இன்றும் கேரளத்தில் நினைவுகூர்கின்றனர்.

அதே விதிகள் கார் கொட்டகைக்கும் பொருந்தும். 100 கிலோ ஜெனரேட்டரைச் சிமென்ட் தரையில் இழுத்தால் ஏறத்தாழ பாதி எடைக்கு இணையான விசை தேவைப்படும். அதையே இரும்புக் குழாய்த் துண்டுகளின் மீதோ சக்கரப் பலகையின் மீதோ வைத்துவிட்டால், சமதளத்தில் சில கிலோ அளவிலான தள்ளுவிசை போதும். குழாயை அடியில் செருகுவதற்கு இயந்திரம் முழுவதையும் தூக்க வேண்டியதில்லை. ஒரு விளிம்பை மட்டும் உயர்த்தினால் மறுவிளிம்பு தரையில் ஊன்றியிருக்கும். ஆகவே தூக்க வேண்டியது பாதி எடையே. கடப்பாரையின் நுனிக்கு அருகே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, கைப்பக்க நீளம் நுனிப்பக்க நீளத்தைப் போல் பத்து மடங்கு இருக்குமாறு நெம்பினால் அந்த 50 கிலோ, 5 கிலோவாகச் சுருங்கும். உயர்த்திய மறுகணமே கட்டையைச் செருகிவிட வேண்டும். செருகுவது மற்றொரு கட்டையால் தள்ளியே தவிர, விரலால் அன்று. விரல் நசுங்கும் காயங்கள் இந்த ஒரு கணத்தில்தான் நேர்கின்றன.

மேட்டில் ஏற்றுவதற்குச் சாய்பலகையே உற்ற துணை. 30 சென்டிமீட்டர் உயரத் திண்ணைக்கு 3 மீட்டர் நீளப் பலகை போட்டால், 100 கிலோ இயந்திரத்தைச் சக்கரத்தில் ஏற்ற எடையின் பத்தில் ஒரு பங்கும் உராய்வுக்கெனச் சிறிது கூடுதலும் போதும். பலகையின் நடுவில் முட்டு இல்லையெனில் வளைந்து முறியும். ஏற்றும்போது இயந்திரத்துக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. தூண் ஒன்றில் ஒரு சுற்றுச் சுற்றிய கயிறு பிடிமானமாக இருந்தால், கை தளர்ந்தாலும் இயந்திரம் உருண்டோடாது. மற்றொன்றும் உண்டு. நம் வீடுகளின் கார் நிறுத்துமிடத் தரை, நீர் வடிவதற்காகத் தெருப்பக்கம் சாய்வாகவே கட்டப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவைச் சக்கரம் உடனே கண்டுபிடித்துவிடும். ஆப்பு வைக்காமல் கையை எடுக்கலாகாது.

உயரமும் குறுகலுமான இயந்திரத்தை மேற்பகுதியில் கைவைத்துத் தள்ளினால், முன்சக்கரம் சிறு கல்லில் தட்டியதும் குப்புற விழும். எடை மையத்துக்குச் சற்றுக் கீழே தள்ளுவதே முறை.

செயின் பிளாக் எனப்படும் சங்கிலிக் கப்பி வாடகைக்கு எளிதில் கிடைக்கிறது. கப்பியைக் குறை கூறுவதற்கில்லை. அதை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் கேடு தொடங்குகிறது. தகரக் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்கள் தகரத்தின் எடையையும் காற்றையும் தாங்குவதற்காக மட்டும் அமைக்கப்பட்டவை. அவற்றில் 300 கிலோ என்ஜினைத் தொங்கவிட்டால் கூரையோடு சேர்ந்து இறங்கும். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை வெளியே எடுப்பவர்கள் பயன்படுத்தும் முக்காலியே இதற்கு உகந்தது. ஜாக்கியில் உயர்த்திய இயந்திரமும் அவ்வாறே. அடியில் கட்டை அடுக்காமல் கையையோ காலையோ நுழைக்கக் கூடாது.

சாய்த்தால் என்னவாகும்?

நகர்த்துவதற்கு முன் என்ஜின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். புகைபோக்கி, நிறுத்திய பின்னரும் நெடுநேரம் தோலைச் சுடும் வெப்பத்தில் இருக்கும். எரிபொருள் குழாயின் வால்வை அடைத்து, இயன்றால் தொட்டியை வெளிப்புறத்தில் வைத்துக் காலி செய்வது எடையையும் தீ அபாயத்தையும் ஒருசேரக் குறைக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மூடிய கொட்டகையின் தரையோடு படர்ந்து, தொலைவில் எரியும் விளக்கையோ குளிர்பதனப் பெட்டியின் சுவிட்சையோ எட்டித் தீப்பற்றக்கூடும். பேட்டரி இருந்தால் முதலில் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும்.

நான்கு வீச்சு என்ஜினில் ஆயில் அடித்தொட்டியில் நிற்கிறது. காற்று வடிகட்டி இருக்கும் பக்கம் கீழே போகுமாறு சாய்த்தால் ஆயில் வடிகட்டியில் புகுந்து அதை ஊறவைத்துவிடும். சிலிண்டருக்குள் ஆயில் நிரம்பிவிட்டாலோ, திரவம் அழுந்தாது என்பதால், பிஸ்டன் அசைய மறுக்கும். இழுகயிற்றை வலிந்து இழுப்பவரின் தோளும் உள்ளிருக்கும் இணைப்புத் தண்டும் ஒருங்கே பழுதாகும். தவறுதலாக இயந்திரம் சாய்ந்துவிட்டால், நிமிர்த்தி வைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாகச் சிலமுறை இழுத்து ஆயிலை வெளியேற்றிய பிறகே மீண்டும் பூட்ட வேண்டும்.

பவர் டில்லரின் மறுபக்கம்

பவர் டில்லருக்கு இருசக்கரம் உண்டு என்பதால் கியரை நியூட்ரலில் வைத்தால் சமதளத்தில் இருவர் தள்ளிவிட முடியும். சரிவில் அதன் போக்கு வேறு. இடப்பக்க ஸ்டியரிங் கிளட்சைப் பிடித்தால் இடச்சக்கரத்துக்கு விசை நின்று வண்டி இடப்பக்கம் திரும்புவது வழக்கம். இறக்கத்தில் இது தலைகீழாகும். விசை விடுபட்ட சக்கரம் தடையின்றி வேகமாக உருள, என்ஜினோடு பிணைந்த மறுசக்கரம் மெல்ல நகர, வண்டி வலப்பக்கம் திரும்பும். சரிவில் இறங்கும்போது திகைத்துப்போய்க் கிளட்சை மேலும் இறுகப் பிடிப்பவர், தான் விலக நினைத்த பள்ளத்துக்கே வண்டியைச் செலுத்துகிறார். இதை விற்பனையாளர் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டும் என்பதே இச்செய்தியாளரின் கருத்து. கையேட்டின் உட்பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டுவிட்டால் கடமை முடிந்துவிடாது.

ரிவர்ஸ் கியர் கொட்டிலுக்குள் மிகவும் ஆபத்தானது. பின்னோக்கி வரும் டில்லரின் கைப்பிடி, ஓட்டுபவரின் வயிற்றையும் மார்பையும் நோக்கி வருகிறது. பின்னால் சுவர் இருந்தால் ஒதுங்க இடமில்லை. ஆகவே கைப்பிடி வாசல் பக்கமும் என்ஜின் சுவர்ப் பக்கமும் இருக்குமாறு நிறுத்துவது நல்லது. அப்போது பின்னோக்கி எடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் திறந்தவெளி இருக்கும். சுழல் கலப்பையின் இயக்கம் துண்டிக்கப்பட்டுள்ளதா என்பதையும் கிளப்புவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

கதவை மூடிக்கொண்டு என்ஜினைக் கிளப்பிப் பார்ப்பது எந்த இயந்திரத்துக்கும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலியும் மயக்கமும் தோன்றும்போது கதவு வரை நடக்கும் வலு போயிருக்கும். புதிய இடத்தில் வைக்கும்போதும் புகைபோக்கி வீட்டின் சன்னலை நோக்கி இருக்கலாகாது. மழைச்சாரலுக்காக நாற்புறமும் தார்ப்பாய் கட்டிவிட்டு உள்ளே ஜெனரேட்டரை ஓடவிடுவதும் அதே அபாயத்தையே தரும்.

இடம் மாற்றியதும் உடனே கிளப்பாமல், ஆயில் அடித்தொட்டிக்கு இறங்கும் வரை கால் மணி நேரமாவது விட்டு, சமதளத்தில் அளவுகோலைப் பார்த்து, தேவையெனில் ஆயிலை நிரப்பிய பிறகு இயக்கலாம். அடியில் உள்ள ரப்பர் தாங்கிகள் தேய்ந்திருந்தால் ஜெனரேட்டர் அதிர்வினால் தானே ஊர்ந்து செல்லும். நான்கு மூலைகளிலும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டு, ஓர் இரவு ஓடிய பின் கோட்டிலிருந்து விலகியிருந்தால் தாங்கிகளை மாற்றிவிட வேண்டும்.